இலை கொய்யும் தொண்டு

அருகிவரும் குரங்கினங்களைக் காக்கப் பிறநாடு செல்ல விழைவோர்க்கு வியட்நாமின் குக் புவோங் வனம் தக்கதோர் பாடமாகும். 1962இல் காப்புவனமாக்கப்பெற்று, அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாக விளங்கும் அவ்விடத்தில், 1993இல் ஜேர்மனியரான திலோ நாட்லர் குரங்கு மீட்பு நிலையமொன்றை நிறுவினார். வேட்டைக்காரரிடமிருந்தும் வணிகரிடமிருந்தும் கைப்பற்றப்பட்ட இலையுண்ணிக் குரங்குகள் ஆங்குப் பேணப்படுகின்றன. இவற்றின் இரைப்பை பல அறைகளையுடையது. அதில் வாழும் நுண்ணுயிர்களே இலையைப் புளிக்கச்செய்து சீரணிக்க உதவுகின்றன. நாம் இரங்கி நீட்டும் இனிய பழம் அச்செயலைக் கெடுத்து உயிருக்கே ஊறு செய்யலாம். கொஞ்சி வளர்த்தாலோ, மனிதரை அஞ்சாத விலங்கு காட்டிலே மீண்டும் வேடன் கையில் எளிதிற் சிக்கும். ஆகவே நாள்தோறும் பசுந்தழை கொணர்தலும், கூட்டைத் துப்புரவாக்கலும், தொட்டணையாது விலகிநிற்றலுமே மெய்த்தொண்டாம். எம் கல்லூரி மாணவருள் இத்தொண்டினை விழைவோர், அன்போடு இவ்வடக்கத்தையும் உடன்கொண்டு செல்வாராக.