ரொகேயாவின் இரண்டு வண்டிகள்

ரொகேயா சகாவத் ஹுசைன் என்றதும் நம்மில் பலர் நேரே ‘சுல்தானாவின் கனவு’க்குப் போய்விடுகிறோம். 1905இல் சென்னையில் வெளிவந்துகொண்டிருந்த கமலா சத்தியநாதனின் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் ஆங்கிலத்தில் வந்த கதை அது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். ஒரு பலகையில் இரண்டு இருக்கைகளைத் திருகி, ஹைட்ரஜன் உருண்டைகளையும் மின்சாரத்தில் சுழலும் இறக்கைகளையும் மாட்டிக்கொண்டு வானத்தில் பறக்கிறார்கள்.

இதே ரொகேயா பின்னாளில் கல்கத்தாவில் நடத்திய பள்ளிக்கு இன்னொரு வண்டி இருந்தது. நாலு பக்கமும் அடைத்த மோட்டார் பஸ். காற்று வர முன்னும் பின்னும் சின்னதாய் ஒரு வலைத்துண்டு, அவ்வளவுதான். இந்த இரண்டு வண்டிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ரொகேயாவை வாசிக்க முடியாது.

அவர் பிறந்தது 1880இல், இன்றைய பங்களாதேஷிலுள்ள ரங்பூர் பகுதியின் பைராபந்த் கிராமத்து ஜமீன் குடும்பத்தில். அந்த வீட்டுப் பெண்களுக்குக் குரான் ஓதத் தெரிந்தால் போதும். வங்காளி கீழ்சாதிப் பேச்சு. ஆங்கிலம் கேட்கவே வேண்டாம். அக்கா கரீமுன்னிசா திருட்டுத்தனமாய் வங்காளி படித்தார். அது வெளியே தெரிந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டது. அண்ணன் இப்ராஹிம் ராத்திரியில், வீடு அடங்கின பிறகு, தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ரொகேயாவுக்கு எழுத்து கிடைத்த வழி இதுதான்.

பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த சகாவத் ஹுசைனுக்கு அவரை மணமுடித்தார்கள். வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர். ஆனால் எழுதத் தூண்டியவர். பெண்கள் பள்ளிக்கென்று பணமும் ஒதுக்கி வைத்தவர். 1909இல் அவர் இறந்தார். அதே ஆண்டு ஐந்து மாணவிகளோடு பாகல்பூரில் பள்ளி தொடங்கியது. சொத்துத் தகராறில் அங்கே நிற்க முடியாமல், 1911இல் எட்டு மாணவிகளோடு கல்கத்தாவில் மறுபடியும் தொடங்கினார்.

பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாய்ப் போனார். புர்கா அணிந்துதான் போனார். மதநூல்கள் ஆண்கள் ஆக்கிக்கொண்டவை என்ற பொருளில் 1904இல் பத்திரிகையில் எழுதியவர், அதே கட்டுரை நூலில் சேர்ந்தபோது அந்தப் பத்திகள் இல்லாமல் வெளிவர இசைந்தார். புர்காவுக்கு ஆதரவாகவும் ஒரு கட்டுரை எழுதினார். நம் கூட்டங்களில் இதற்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம்: சமரசம். அந்தச் சொல்லைப் போட்டதும் ஆளையே மூட்டைகட்டி ஓரமாய் வைத்துவிடுகிறோம்.

ஆனால் 1931இல் நூலாக வந்த ‘அபரோத்பாசினி’ இந்தத் தீர்ப்பைச் சிக்கலாக்குகிறது. அடைபட்டு வாழும் பெண்களைப் பற்றிய 47 சிறு குறிப்புகள் அதில் இருக்கின்றன. கியூல் ரயில் நிலையத்தில் ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுகிறாள் ஒரு பெண். அந்நிய ஆண் யாரும் தொடக்கூடாது என்று வேலைக்காரி தடுத்துவிடுகிறாள். ரயில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்படுகிறது. இறந்தவள் ரொகேயாவின் கணவருக்குத் தூரத்து உறவு.

இந்த வரிசையின் கடைசிக் குறிப்பு ரொகேயாவின் சொந்தப் பள்ளி பஸ்ஸைப் பற்றியது. இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்கள், அழுகிறார்கள். பெற்றவர்கள் வந்து சண்டை போடுகிறார்கள். சரி என்று அடைப்பைத் திறந்து திரைச்சீலை போட்டால், ஆங்கிலத்திலும் உருதுவிலும் கடிதங்கள் வருகின்றன. திரை காற்றில் பறக்கிறதாம், பர்தா கெட்டுப்போகிறதாம், சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதுவார்களாம். மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம்.

கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். பிறர் வீட்டுக் கொடுமைகளை எழுதிவிட்டுத் தன் பள்ளியை அவர் ஒளித்துவைத்திருக்கலாம். செய்யவில்லை. தானே ஓட்டிய வண்டியையும் அதே குற்றப்பட்டியலில் ஏற்றினார். பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்து சேர என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கணக்கெழுதி வைத்தார். விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை. விட்டுக்கொடுத்ததையே நியாயம் என்று அவர் சொல்லவில்லை என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் பார்ப்பவர்கள் அவரைத் துரோகி ஆக்குகிறார்கள். அதையே மறைப்பவர்கள் சிலை ஆக்குகிறார்கள். இரண்டு வாசிப்பிலும் வாந்தியெடுத்த அந்தப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

கனவு வண்டியை எழுதுவதற்குக் காகிதம் போதும். ஓடும் வண்டிக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், நன்கொடை வேண்டும், கடிதம் எழுதுகிற கனவான்களின் மௌனமும் வேண்டும். அமைப்பு கட்டிப் பார்த்த யாருக்கும் இது தெரியும். அந்தக் கனவு இல்லாமலிருந்தால் மூடிய பஸ் அவருக்கு உறுத்தியிருக்காது. வழக்கம் என்று பழகிப்போயிருக்கும்.

1932 டிசம்பர் 9 அன்று ரொகேயா இறந்தபோது, பெண்களின் உரிமை பற்றிய ஒரு கட்டுரை மேசைமேல் முடிக்கப்படாமல் கிடந்தது. பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடக்கிறது. நாம் ஓட்டிக்கொண்டிருக்கும் மூடிய வண்டிகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் 47ஆவது குறிப்பை எழுதியிருக்கிறோம்?