பொருட்பட்டியைச் சரிபார்த்தல்
கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை, 2001 இல் நூதனசாலையாயிற்று. அங்குள்ள பழைய ரோலர்கள், யந்திரம் ஆக்குவதற்குரிய பொருட்பட்டி யாதென விளக்கவல்லன.

மேசை, பித்தளைச் சட்டங்கள், கொழுந்து நிரப்பும் உருளை, அமுக்கும் மூடி, மூன்று சுழல்கரங்கள் ஆகியவற்றைப் பட்டியில் எவரும் மறவார். நழுவுவன போல்ட்டும் வாஷருமே. ஆதலின், வரைபடத்தோடு ஒப்பிடுதல் மட்டும் போதாது. பொருத்துவோனை அருகிருத்திப் பொருத்தும் ஒழுங்கிலேயே உலோகம், அளவு, எண்ணிக்கை என வரிவரியாக நோக்குதல் வேண்டும். கரமொன்றுக்கு இரண்டு தாங்கிகள் எனின் மொத்தம் ஆறு. ‘இரண்டு’ என்று மட்டும் எழுதினால் நான்கு குறையும்.

தாங்கியின்றி ரோலர் நின்றால், வாடிய கொழுந்து காத்திராது. கொய்தோர் உழைப்பும் வீணாகும். காகிதத்திற் கண்ட குறையை அழிக்க இறப்பர்த் துண்டொன்று போதுமன்றோ?