சுண்ணாம்புப் பாசிக்குப் பெயர் வைப்பது எப்படி?

கடலோரப் பாறைகளில் இளஞ்சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். சுரண்டிப் பார்த்தால் கல்லாகத்தான் இருக்கும். ஆனால் அது உயிருள்ள பாசி. தன் செல் சுவர்களில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்து இறுகிப்போகும் கொரலைன் சிவப்புப் பாசி அது. 1758-ல் லின்னேயஸ் இவற்றை விலங்குகளோடு சேர்த்தார். பாறைமேல் படரும் வகைகளும் தாவரங்களே என்று 1837-ல் நிறுவியவர் பிலிப்பி.

எந்தக் கூட்டம் என்பது தெரிந்தது. எந்த இனம் என்பதில்தான் சிக்கல். ஒரே இனம் ஓரிடத்தில் மெல்லிய படலமாகவும், வேறிடத்தில் முண்டும் முடிச்சுமாகவும் வளரும். நார்வேயின் டிரோன்ஹைம் நகரில் பணியாற்றிய மிக்கேல் ஃபோஸ்லி, பெரும்பாலும் வெளித்தோற்றத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கான பெயர்களைச் சூட்டினார். அவற்றில் பலவற்றைப் பின்வந்தவர்கள் ஒன்றாக இணைத்தார்கள்.

அடுத்து உள்ளமைப்பின் பக்கம் பார்வை திரும்பியது. பாசியின் சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வித்துகள் உருவாகும் குழி அறையின் கூரையில் ஒரே துளையா, பல துளைகளா? பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சுவர் கரைந்து கலந்திருக்கின்றனவா, சிறு துளைகளால் இணைந்திருக்கின்றனவா? பெரும் பிரிவுகளை வகுக்க இவை நன்றாக உதவின. நெருங்கிய இனங்களைப் பிரிக்கப் போதவில்லை.

அந்த வேலைக்கு டி.என்.ஏ. வந்தது. ஒளிச்சேர்க்கையோடு தொடர்புடைய ஆர்.பி.சி.எல்., பி.எஸ்.பி.ஏ. ஆகிய மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டபோது, தோற்றம் இருபக்கமும் ஏமாற்றியிருப்பது தெரிந்தது. தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த பாக்கியார்த்ரான் கிரெட்டேசியம், லின்னேயஸ் பெயரிட்ட கொரலைனா அஃபிசினாலிஸ்தான் என்று 2014-ல் தெரியவந்தது. வெப்பமண்டலப் பவளத்திட்டுகளைப் பிணைக்கும் போரோலித்தான் ஆன்கோடிஸ் இதற்கு நேர்மாறானது. அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்ததை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இதில் முக்கியமானது மூல மாதிரி. ஒரு பெயர் முதலில் எந்தத் துண்டுக்குச் சூட்டப்பட்டதோ, அதுவே அந்தப் பெயரின் உரிமையாளர். நூறாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகத்தில் உலர்ந்து கிடக்கும் துண்டின் டி.என்.ஏ.வைப் படித்தால்தான், இன்று சேகரித்த பாசிக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பாசி இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பவள உயிர்களே அறிகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த, 2004-ல் வெளியான ஆய்வில், அக்ரோபோரா பவளக் குஞ்சுகள் டைட்டனோடெர்மா என்ற பாசியையே அதிகம் விரும்பி ஒட்டிக்கொண்டன. கடல்நீரின் அமிலத்தன்மை ஏறிவரும் காலத்தில், எளிதில் கரையக்கூடிய மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்பைக் கொண்ட இந்தப் பாசிகளில் எவை தாக்குப்பிடிக்கும் என்று அறிய வேண்டியிருக்கிறது. பெயர் தவறினால் இதை அறியச் செய்யும் சோதனைகளின் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் தாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பாசியிலும் ஒரு துண்டை உலர்த்தி, அதன் டி.என்.ஏ. வரிசையோடு பாதுகாத்து வைக்க வேண்டும்.