கடைசித் தெருவுக்கு முதலில் போகட்டும் செய்தி

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் விடிந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா, லீவா?’ மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். தொலைக்காட்சியில் ஓடுகிறது, வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கிறது. ஆனால் விடியுமுன்பே நடவுக்கும் களையெடுக்கவும் வண்டியேறிப் போன தாய்க்கும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போன தந்தைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. வீட்டில் இருக்கும் ஒரே செல்போனும் அப்பாவின் சட்டைப்பையில் போய்விடுகிறது. பிள்ளை நனைந்தபடி பள்ளி வாசல்வரை நடந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

விடுமுறைச் செய்தி தவறினால் நனைந்த சீருடையோடு போய்விடும். வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், மதிய உணவில் ஏதேனும் கலந்து பிள்ளைகள் மயங்கி விழுந்தால், நம் பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்பதை நமக்கு யார், எத்தனை நிமிடத்தில் சொல்வார்கள்? நம் பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு எழுதி வைத்த பதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் இது.

ஆற்றங்கரைப் பள்ளிகள்

மண்ணச்சநல்லூர் வட்டாரம் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. பிச்சாண்டார்கோவில், நொச்சியம், திருவாசி என்று ஆற்றை ஒட்டியே ஊர்கள். ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் பெருவளை வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால். தண்ணீர் நமக்குச் சோறு போடுகிறது. மேட்டூர் நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் திறக்கப்படும்போது அதே தண்ணீர் நம்மைத் தூங்கவிடுவதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருவானைக்காவலையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். ஒரு பகல் நேரத்தில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டால் அவர்கள் அக்கரையில், பெற்றோர் இக்கரையில். அந்த நேரத்துக்கான ஏற்பாடு என்ன?

நமக்குத் தெரிந்த கிராமங்களில் தாழ்ந்த நிலம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பெரும்பாலும் தலித் குடியிருப்பு இருக்கிறது. தண்ணீர் முதலில் வருவது அங்கே. எச்சரிக்கை கடைசியாக வருவதும் அங்கேதான்.

கும்பகோணம் சொன்ன பாடம்

2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. ஓடிவந்த பெற்றோர் தங்கள் பிள்ளை வீடு திரும்பிவிட்டதா, மருத்துவமனையில் இருக்கிறதா என்று தெரியாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே கதறி அலைந்ததை நாடே பார்த்தது. அதன் பிறகு கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. மாடிப்படி, தீயணைப்புக் கருவி பற்றி விதிகள் வந்தன. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2016-ல் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கட்டடம் பற்றிப் பேசினோம். கட்டடத்துக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு யார் செய்தி சொல்வது என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை.

பறை அறைந்தவர் தெரு

ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையை நூற்றாண்டுகளாக யார் தலையில் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஏலம், வரி, வெள்ளம், கொள்ளைநோய் என எதுவானாலும் தெருத் தெருவாகத் தண்டோரா போட்டவர்கள் நம் தாத்தாக்கள். மேல்சாதி வீட்டு இழவுச் செய்தியை வெளியூர்வரை நடந்துபோய்ச் சொன்னவர்களும் அவர்களே. சொல்லும் கடமை இருந்தது; என்ன சொல்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு திண்ணைகூட இல்லை.

2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றது அந்தக் கடிதம். வரவேற்க வேண்டிய முடிவு. நாம் கவனிக்க வேண்டியது, அந்த ஒலிபெருக்கி வண்டி எதுவரை வந்து திரும்புகிறது என்பதை. பேருந்து நிறுத்தத்தோடு திரும்பினால் பறை போன இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றுதான் பொருள்.

இப்போது செல்போன் காலம். பெற்றோர் எண்கள் பள்ளிக்கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்கும் பணியும் நடந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சேர்க்கையன்று கொடுத்த எண், ரீசார்ஜ் செய்யப் பணமில்லாமல் ஆறு மாதத்தில் செத்துப்போகிறது. சூளை வேலைக்குப் போன குடும்பம் புது எண் வாங்கிக்கொள்கிறது. பட்டன் போனில் வாட்ஸ்அப் வராது. குறுஞ்செய்தி வந்தாலும் வாசிக்கத் தெரியாத பாட்டியிடம் பிள்ளை இருக்கிறது. ‘அனுப்பிவிட்டோம்’ என்று அலுவலகம் சொல்வதற்கும், ‘கிடைத்தது’ என்று தாய் சொல்வதற்கும் நடுவில் இத்தனை பள்ளங்கள்.

இவற்றை நிரப்பப் பெரிய பணம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது உடனே அறிவிக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அதை எடுத்துப் பேச யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஓர் ஊர். மூன்றும் சேர்ந்ததால் பிழைத்தார்கள்.

இதுவும் அவசரநிலைதான்

தலித் குடும்பங்களுக்குப் பள்ளியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். சாதி இழிவு தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அவர் புகார் சொன்ன பிறகு இந்தத் தாக்குதல் நடந்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

பிள்ளை நான்கு நாள் வரவில்லை என்றால் அதுவும் ஓர் அபாய மணி. சாதி சொல்லித் திட்டினார்கள் என்று பிள்ளை வாய் திறந்தால், அன்று மாலைக்குள் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் தெரிய வேண்டும். புகார் சொன்ன பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தீக்கு ஒரு நடைமுறை இருப்பதுபோல இதற்கும் எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். காய்ச்சலானாலும் சண்டையானாலும் பெற்றோருக்கு மூன்றாம் நாள் தகவல் போவது தகவலே அல்ல.

பள்ளி எழுதி வைக்க வேண்டியவை

நாம் முன்வைப்பது இவ்வளவுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண்கள்: தாய், தந்தை, பக்கத்து வீடு. அதோடு பெற்றோர் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற குறிப்பு. கணினியில் மட்டும் போதாது. மின்சாரம் போனாலும் எடுத்துப் பார்க்கத் தாளில் ஒரு பிரதி தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும். ஜூனில் ஒரு முறை, மழைக்கு முன் ஒரு முறை, பொங்கலுக்குப் பின் ஒரு முறை எண்களை அழைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

தெருவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள், ஒருவர் கட்டாயம் பெண். அந்தந்தத் தெருவுக்கு அந்தந்தத் தெருக்காரரே. ஊர் முழுவதும் ஓடிச் சொல்லும் வேலையை மறுபடியும் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டினால், அது பழைய தண்டோராவுக்குப் புதுப் பெயர்.

செய்தியில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: என்ன நடந்தது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், பெற்றோர் என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எப்போது. எடுத்துக்காட்டாக: ‘ஆற்றில் தண்ணீர் கூடுகிறது. பிள்ளைகள் அனைவரும் பள்ளி மாடியில் நலமாக இருக்கிறார்கள். யாரும் ஆற்றோரப் பாதையில் வர வேண்டாம். மூன்று மணிக்கு மறுபடி சொல்கிறோம்.’ இதைக் குரல் பதிவாகவும் அனுப்பினால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பள்ளி பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வதந்தி பேசிக்கொண்டிருக்கும்.

பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டியோ சித்தப்பாவோ வந்தால் கையெழுத்தோ கைரேகையோ பெற்று அனுப்ப வேண்டும்.

செய்தி புறப்படும் வரிசையும் முக்கியம். தொலைவான, தாழ்வான, போன் குறைவான தெருவுக்கு முதலில். அங்கே சேர்ந்துவிட்டால் மற்ற தெருக்களுக்கும் சேர்ந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை நடத்தி, கடைசி வீட்டிலிருந்து ‘கிடைத்தது’ என்ற பதில் வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இவற்றைக் கேட்க நமக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். அந்த இடத்தில் நம் பெண்கள் பெயரளவுக்கு இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். குழுக் கூட்டத்தைக் கூலி போகாத நேரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகள் மழைக்கு நடுவிலேயே வருகின்றன. நம் தெருவுக்கு ஒலிபெருக்கி வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடலாம்.

படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் போன் இல்லை, எத்தனை எண் மாறியிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பள்ளியில் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, கல்வி வழிகாட்டி உதவி 14417, வன்கொடுமைப் புகாருக்கு 14566, ஆம்புலன்ஸ் 108. இந்த ஐந்தையும் வீட்டுக் கதவின் உட்பக்கம் சுண்ணாம்பிலாவது எழுதி வையுங்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ‘இந்த நிமிடம் ஓர் ஆபத்து என்றால், எங்கள் தெருவில் யாரைக் கூப்பிடுவீங்க சார்? அந்த எண்ணை இப்பவே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.’