பிள்ளை உங்களை விட்டு நகர மறுக்கிறதா?

புது வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை உங்கள் பின்னாலேயே திரிகிறதா? நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டதா? மழை இருட்டியதும் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று அழுகிறதா? முகாமில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். பிள்ளை பயந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லை பிரிவில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அன்று பாடசாலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அதைப் பார்த்த, கேட்ட பிள்ளை, தான் போய் வருவதற்குள் வீடு இல்லாமல் போய்விடும் என்று நினைப்பதில் வியப்பில்லை. அடித்து அனுப்பினால் பயம் கூடும்.

குழந்தை ஒரு வயதாகும் முன்பே, தான் அழுதால் ஓடிவரும் ஓரிருவரை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் பாசப்பிணைப்பு என்கிறோம். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை துணிந்து விளையாடும், பேசும், படிக்கும். அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாய் கொழுந்து பறிக்கப் போகும் நம் தோட்டங்களில் பாதி வளர்ப்பு அப்பாயி, அம்மாயி கையில்தானே!

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்தபோது சிறுவர் காப்பகம் நடத்திய அன்னா பிராய்ட், குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் வாட்டியதைக் கண்டார். பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று நிலையான பராமரிப்பாளரை வைத்தார்.

வேலைக்குப் போகும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். "அம்மா மலைக்குப் போறேன், கொழுந்து நிறுத்ததும் வந்துருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். இனி மண் சரியாது என்று உறுதி கொடுக்க வேண்டாம். மழை கூடினால் எந்த வழியாக எங்கே போவோம் என்பதைக் கையைப் பிடித்து நடத்திக் காட்டுங்கள். கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் படுக்க விடுங்கள்.

பெற்றோரை இழந்த பிள்ளையை இந்த மாதம் மாமா வீடு, அடுத்த மாதம் சித்தி வீடு என்று மாற்றாதீர்கள். அவசரப்பட்டு விடுதியிலும் சேர்க்காதீர்கள். "அம்மா வெளிநாடு போயிருக்கா" என்று சிலர் சொல்லிவைக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாய் உண்மையிலேயே சவூதியிலிருந்து திரும்பி வருவதைப் பார்க்கும் பிள்ளை, தன் தாயும் வருவார் என்று வாசலில் காத்திருக்கும். இறந்துவிட்டார் என்பதை, அதற்குப் பிரியமான ஒருவர் மடியில் வைத்துச் சொல்லட்டும்.

சில வாரங்களாகியும் பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1929க்கு அழையுங்கள். அழைப்பு இலவசம்; இரவிலும் எடுப்பார்கள்.