விதியும் வேலியும்

ஆங்கிலேயர் தம் நீதிமன்றத்தோடு நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் 'டீம்' என்னும் வினை, இன்று சட்ட வாசகங்களில் 'எனக் கருதப்படும்' என்ற பொருளோடு ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பினும், ஒரு காலத்தில் சபை நடுவே எழுந்து நின்று தீர்ப்புரைத்த கம்பீரமான வினையாகும். அதன் உடன்பிறப்பாகிய 'டூம்' முதலில் சட்டத்தையும், பின்னர் தீர்ப்பையும், ஈற்றில் தப்பவொண்ணாத கேட்டையும் குறித்தது. 1086-இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த ஏட்டை ஜனங்கள் 'டூம்ஸ்டே' என்று வழங்கியதும் அதன் சொல்லுக்கு மேல் அப்பீல் இல்லை என்பதனாலேயே. இவ்விரண்டும் வைத்தல், நிறுவுதல் என்னும் பொருளுடைய ஒரு மூலத்தினின்று பிறந்தன என்பர் மொழிநூலார். அம்மூலமே வடமொழியில் 'தா' என்னும் தாதுவாய் நின்று, 'வி' என்னும் உபசர்க்கத்தோடு கூடி, 'விதி'யைத் தந்தது. சட்டத்தையும் தலையெழுத்தையும் ஒரே சொல்லால் வழங்குகிறோமே என்று நம்மை நையாண்டி செய்யும் கனவான்கள் இதைச் சற்றே யோசிப்பார்களாக.

இங்கிலாந்துக்கு அருகிலுள்ள மான் தீவில் நீதிபதிக்கு இன்றும் 'டீம்ஸ்டர்' என்பதே உத்தியோகப் பெயர். முற்காலத்தில் அத்தீவின் சட்டம் ஏட்டில் இராமல் அந்நீதிபதிகளுடைய நெஞ்சிலேயே இருந்தமையால், அதற்கு நெஞ்சுச் சட்டம் என்றே பெயர். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் பிறந்த எனக்கு இதில் வியப்பொன்றுமில்லை. தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர் எழுதி, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பி, 1707-இல் நிலைபெற்ற தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், அதற்குமுன் எங்கே இருந்தது? முதுசம் இன்னது, சீதனம் இன்னது, தேடியதேட்டம் இன்னது என்று திண்ணையிலிருந்தே பிரித்துரைத்த பெரியோரின் நெஞ்சில்தான். 1806-இல் ஆங்கிலேயர் அதனை ஏற்றுக்கொண்டதெல்லாம் பின்கதை.

அந்தப் பெரியோர் காணியுடைய மேற்குடியினரே, 1707-ஆம் ஆண்டின் ஏட்டில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டே, அது யாருடைய நெஞ்சு என்று வினவுவோர் உளர், வினா நியாயமானதே. எனினும் என் கவலை வேறு: நெஞ்சிலிருந்த அந்த அறிவு இன்று என்னாகிறது என்பதே அது.

வேலிச் சண்டை வந்தால் இப்பக்கத்துப் பெரியவர் முதலில் உறுதியைக் கேட்பதில்லை. எல்லையோரமாய் மெல்ல நடந்து, அடி பருத்து முண்டும் முடிச்சுமாய் நிற்கும் பழைய கிளுவைக் கதியால் எது, போன மாரிக்கு ஊன்றித் தளிர்விட்ட புதுக்கதியால் எது என்று பார்ப்பார், புதியது பழைய வரிசையைவிட்டு ஒரு சாண் உள்ளே வந்திருப்பின், "இந்த வேலி ஆற்றை பங்கு? ஆர் அடைச்சது?" என்று மட்டும் கேட்பார். கேட்கப்பட்டவர் வாய்திறவாமல் நிலத்தைப் பார்த்தால் விசாரணை முடிந்தது. 'டீம்' என்னும் வினைக்கு இதனினும் நேரான உரையை நான் எந்த அகராதியிலும் காணேன்.

இன்று கதியால் வேலிகள் மதில்களாகின்றன. பங்காளர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றனர். பங்காளிக்கு முன்னறிவித்தல் கொடுத்தே பங்கை விற்கவேண்டும் என்ற வழமைக்கு 1947-இல் தனிச் சட்டமே செய்தார்கள். ஆனால் அறிவித்தலைப் பெறும் பங்காளியோ காணியைக் கண்ணாலும் கண்டதில்லை. அற்றோணித் தத்துவத்தோடு வந்திறங்கும் மருமகன் கையிலுள்ள உறுதியில், இரண்டு பரப்பு ஒன்பது குழிக்கு வடக்கெல்லை இன்னார் காணி என்றிருக்கிறது. அந்த இன்னார் யாரென்று அவருக்கும் தெரியாது. நில அளவையாளருக்கும் தெரியாது. பங்குபிரிப்பு வழக்கில் சாட்சி சொல்லவும் ஆளில்லை. 1988-இன் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் பிணக்கைச் சமாதானமாக்க வல்லனவே. எனினும் எல்லைக்கல் எங்கே கிடந்தது என்பதை எந்தச் சபையும் ஊகித்தறிய முடியாது. அதை அறிந்த கிழவர்கள் ஒவ்வொரு குறிச்சியிலும் வரவரக் குறைந்துவர, அவர்களைக் கூட்டிப்போய் எல்லைகளைக் காட்டச் சொல்லி, ஒரு கொப்பியில் வரைந்து வைக்கும் வேலையை ஊர் வாசிகசாலைகளேனும் எடுத்துக்கொள்ளலாகாதா?