நெசவாளரின் இடுப்பு வலியும் இயன்முறைச் சிகிச்சையும்

புதுவைச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, கூலிப் பட்டியலில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே நம் கண் நின்றது. வழக்கமாக நெய்துவந்த அளவு ஒரு மாதம் பாதியாகவும், மறுமாதம் காலாகவும் குறைந்து, அதன்பின் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. அதே காலத்தில் சேமிப்பிலிருந்து இருமுறை பணம் எடுத்திருக்கிறார். காரணம் வினவியபோது, "இடுப்பு வலி ஐயா, படுத்தே கிடக்கிறார்" என்றார் காரியதரிசி.

அவர் இல்லம் சென்றோம். தறியின்மேல் பழம்புடவை ஒன்று போர்த்தியிருந்தது. பாயருகே மாத்திரை அட்டைகள் கிடந்தன. "முதுகெலும்பு தேய்ந்துவிட்டதாம் ஐயா. தறியில் உட்கார்ந்தால் முறிந்துவிடும் என்கிறார்கள்" என்றார். வலியைவிட அந்த அச்சமே அவரைப் பாயோடு கட்டிப்போட்டிருந்தது என்று நமக்குத் தோன்றிற்று.

குழித்தறியில் அமர்பவர் இடுப்பை முன்வளைத்து, ஒரு கையால் கயிற்றை இழுத்து, மறு கையால் ஊடையை அடித்து, கால்களால் மாறிமாறி மிதிக்கிறார். நாளெல்லாம் ஒரே வளைவில் நிற்கும் தசைகள் களைத்து இறுகுகின்றன. பாகூர்ப் பக்கத்தில் குனிந்து நாற்று நடும் மாதருக்கும் இதே கதைதான். இத்தகைய வலிகளில் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிவோ, நரம்பு நசுங்குதலோ கிடையாது. நாற்பது வயதைக் கடந்தவரைப் படம் பிடித்தால், வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் காணப்படும்.

அப்படியாயின் வலி ஏன் நீடிக்கிறது? 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்திக்கு முதுகுத்தண்டில் ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு உண்டு என்றும், தடவுதல், அழுத்துதல் முதலிய உணர்ச்சிகள் அக்கதவைச் சற்றே சாத்துகின்றன என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதனைத் திறக்கவோ மூடவோ கூடும் என்றும் கூறினர். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துக்கொள்வதன் பொருள் இதுவே. பிற்கால ஆராய்ச்சி அவ்விளக்கத்தைப் பலவாறு திருத்தியுள்ளது. எனினும் அச்சமும் கவலையும் உறக்கமின்மையும் வலியை மிகுவிக்கும் என்ற செய்தி உறுதிப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்தைக் கடந்த வலியில், காயம் ஆறிய பின்னும் நரம்புகள் எச்சரிக்கையை நிறுத்துவதில்லை.

நிற்க. படுக்கை ஓய்வு பற்றிக் கணக்கோடு சொல்லலாம். அமெரிக்காவில் டெயோ என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு வலி கொண்ட 203 பேரில் ஒரு சாராருக்கு இரண்டு நாளும், மறுசாராருக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டது. குணமடைவதில் வேற்றுமை தோன்றவில்லை. ஆனால் இரண்டு நாள் விதிக்கப்பட்டோர் இழந்த வேலைநாட்கள் 45 சதவிகிதம் குறைவு. நம் அங்கத்தினரோ இரண்டு மாதம் படுத்திருந்தார்.

இயன்முறைச் சிகிச்சையாளர் செய்வது யாது? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பதினைந்து நிமிடம் ஒற்றடம் கொடுத்தால் இறுகிய தசை தளரும். (நீரிழிவினால் மரத்துப்போன காலுக்குச் சூடு வைத்தல் ஆகாது, புண்ணாகும்.) பிடித்துவிடுதலும் சற்று நேரம் இதம் தரும். ஆயினும் இவை துணைகளே. சிகிச்சையின் உயிர் பயிற்சியில் இருக்கிறது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றை இறுக்கி, இடுப்பின் பள்ளம் தரையில் படியுமாறு அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல், அதே நிலையில் இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல், நாள்தோறும் நடத்தல். செய்யும்போது சிறிது வலித்தால் எலும்பு முறிகிறது என்று பொருளன்று. மறுநாள் காலைக்குள் அவ்வலி அடங்கினால் அளவு சரி, அடங்காவிடில் குறைத்துக்கொள்ளலாம்.

இதனினும் நெசவாளருக்கு அருமையானது வேலையைப் பகிர்ந்து செய்யும் முறை. வலி வரும்வரை நெய்து பின்பு விழுவது நம் வழக்கம். அதை மாற்றி, வலி வருமுன்பே எழ வேண்டும். இருபது நிமிடத்தில் வலிப்பவர் பதினைந்து நிமிடத்தில் எழுந்து சற்று நடந்து, மீண்டும் அமர வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். கடிகாரம் சொல்வதைக் கேட்க வேண்டுமேயன்றி, 'இன்னும் ஒரு முழம்' என்ற ஆசை சொல்வதையன்று. துணுக்குக் கூலி வாங்குவோருக்கு இது எளிதன்று என்பதை அறிவோம்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும் பயிற்சியையும், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதலையும் முன்வைக்கின்றன. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுத்தலையும் அவை பரிந்துரைக்கவில்லை. பட்டைக்கென்று பணம் கேட்கும் அங்கத்தினருக்கு இதைச் சொல்வது நிர்வாகிகளின் கடமை. வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லும் சில நாள் உண்ணலாம்; கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரக்கூடும்.

சில குறிகள் கண்டால் பயிற்சியும் ஒற்றடமும் பேசிக்கொண்டிருத்தல் தகாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழியாமை, மறைவிடம் மரத்தல், கால் பலமிழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் கடும்வலி ஆகியவை உள்ளோர் அன்றே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இதற்கென மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உண்டு. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய வைத்தியக் கல்வி நிலையத்தின் வழியில் வந்து, 1964இல் இப்பெயர் பெற்ற நிலையம் அது.

நம் அங்கத்தினர் அங்கே சென்றார். அவருடைய எலும்பு முறியாது என்று மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியதே பாதி மருந்தாயிற்று என்றார். சங்கத்தார் அவர் தறியின் இருக்கைப் பலகையை உயர்த்திக் கொடுத்தனர். நெய்த துணி சுருளும் மரம் இப்போது முழங்கை மட்டத்தில் நிற்பதால் முன்போல் குனிய வேண்டியதில்லை. பலகைக்கும் தச்சுக்கூலிக்கும் ஆன செலவு, அவர் ஒரு மாதம் மாத்திரைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அடுத்த முறை நாம் சென்றபோது பட்டியலில் அவருடைய பழைய அளவில் முக்கால் பங்கு ஏறியிருந்தது. வலி முற்றும் நீங்கவில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கையில் தறியருகே வைத்திருந்த கடிகாரம் மணியடித்தது. "இதோ வந்துவிடுகிறேன் ஐயா" என்று எழுந்து, தெருமுனை வரை நடந்து திரும்பினார்.